வரியக்காவின் திங்கட்கிழமைகள்

பார்லரில் அவளுக்கு வரியக்கா என்று பேர். முடி வெட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அதற்காவது ஒரு நல்ல பட்டம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் கையில் திணித்துவிட்டுப் போகும் டிப்ஸையும் கணக்கில் காட்டி, வருஷா வருஷம் அதற்கும் வரி கட்டுகிற ஒரே ஆள் அவள்தான். அதனால் வந்த பேர். "டிப்ஸுக்குப் போய் யாராவது வரி கட்டுவாங்களா? உனக்கென்னக்கா கிறுக்கா?" என்று பக்கத்து நாற்காலியில் நகப்பூச்சு போடும் தோழி சிரிக்காத வருஷமில்லை.

"வாங்கினத வாங்கலன்னு எழுதக் கை வரமாட்டேங்குதுடி" என்பாள் வரியக்கா. வாதாட மாட்டாள். மாறவும் மாட்டாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. திங்கட்கிழமை பார்லருக்கு விடுமுறை. அன்று காலையில், வாரம் முழுக்கச் சேர்ந்த டிப்ஸை ஒரு காலி ஷாம்பு டப்பாவிலிருந்து கொட்டி, சில்லறையோடு வங்கியில் போட்டுவிட்டு வருவாள். கணவர் இறந்த மாதத்தில் ஆரம்பித்தது. இந்த ஒன்பது வருஷத்தில் காய்ச்சலோடு போயிருக்கிறாள், மழையில் தொப்பலாக நனைந்து போயிருக்கிறாள், போகாமல் இருந்ததில்லை. கவுண்டரில் இருப்பவர் அவள் தலையைக் கண்டதுமே சில்லறை எண்ணும் மெஷினைப் போட்டுவிடுவார்.

இப்படி இருக்கையில், குடியிருந்த வீட்டை விற்கப்போவதாக ஹவுஸ் ஓனர் வந்து சொன்னார். மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு சமையலறை. "இத்தனை வருஷமா இருக்கீங்க, அதான் முதல்ல உங்ககிட்ட கேக்குறேன். மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க. இல்லன்னா வேற ஆள் ரெடியா இருக்காங்க." நல்ல மனிதர்தான். ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். நாள் முழுக்க ஊராருக்குக் கண்ணாடி காட்டுகிறவள், தன் வீட்டில் தரையில் சாய்த்துவைத்த கண்ணாடி முன்னால் குனிந்து குனிந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்தே வாரிக்கொள்வாள். அந்த வீட்டை விட்டால் அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. அது இருவருக்கும் தெரியும்.

அதே வங்கியில் கடன் கேட்டுப் போனாள். கடன் பிரிவில் இருந்த பெண் அதிகாரி அவளைவிட வயதில் இளையவள். பொறுமையாகச் சொன்னாள். "வீட்டு விலை நூறுன்னு வச்சுக்குங்கம்மா. அதுல இருபது உங்க சேமிப்பா இருக்கணும். அது இருக்கு. மீதி எண்பதை நாங்க தரணும்னா, மாசத் தவணை உங்க வருமானத்துல மூணுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நீங்க எழுதியிருக்கிற சம்பளத்துக்கு அறுபதுதான் வரும்."

"மிச்ச இருபது?"

"நீங்கதான் போடணும். இல்ல, வருமானம் கூடுதலா காட்டணும்."

மகள் படிப்புக்கு எடுத்தது போக, ஒன்பது வருஷத்தில் சேர்ந்ததே இருபதுதான். மாசக் கடைசிக்கு இன்னும் எட்டு நாள்.  அழுதுவிடக் கூடாதென்று வரியக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்." அதிகாரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதென்ன, திங்கக்கிழமை தவறாம பணம் போட்டிருக்கீங்க? யார் தர்றாங்க?"

"யாரும் இல்லைங்க, டிப்ஸ்."

"அப்புறம் இதை ஏன் வருமானத்துல எழுதல?"

"ஃபாரத்துல சம்பளம் எவ்வளவுன்னுதானே கேட்டிருந்துச்சு. இது அவங்கவங்க சந்தோஷமா குடுக்கிறது. அதைக் காட்டிக் கடன் கேக்கிறதாங்க?"

வரி அலுவலகத்துக்குக் காலணாகூட மறைக்காதவள், கடன் கேட்கிற இடத்தில் கூச்சப்பட்டு மறைத்திருக்கிறாள்! அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டாள். "தாராளமா கேக்கலாம்மா. ஆனா வரிக் கணக்குல இல்லாத காசை நாங்க வருமானமா எடுத்துக்க முடியாது. இதுக்கெல்லாம் யாரும் வரி கட்டி..."

வரியக்கா பைக்குள் கைவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று மகள் வருஷவாரியாக அடுக்கித் தந்த ஃபைல் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது.

"ரெண்டு வருஷத்துது போதும்மா."

"ஒன்பது வருஷமும் இருக்கு, பாத்துடுங்க" என்றாள் வரியக்கா. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டுமே. அந்த இடத்தில் யாராவது கை தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை, அடுத்த டோக்கன் எண்ணைத்தான் கூப்பிட்டார்கள்.

அதிகாரி மறுபடி கணக்குப் போட்டாள். எண்பத்திரண்டு வரைக்கும் வந்தது. "எண்பதே போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள் வரியக்கா. 

மறுநாள் பார்லரில் கடன் கிடைத்த கதையைக் கேட்ட நகப்பூச்சுத் தோழி கையிலிருந்த புட்டியை மூடிவைத்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, அந்த வரி ஃபாரம் எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.

பத்திரம் பதிந்த நாளன்று மகள் சுத்தியலோடு வந்தாள். கண்ணாடியை அம்மா உயரத்துக்கு மாட்ட வேண்டும். முதல் அடியில் ஆணி வளைந்தது. இரண்டாவது அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. மகள் பதறிப்போய் நாக்கைக் கடித்தாள். "ஐயோம்மா! ஹவுஸ் ஓனர் பாத்தா என்ன சொல்வாரு?"

"நான் என்ன சொல்லப்போறேன்?" என்றாள் வரியக்கா. "இன்னும் கொஞ்சம் மேல அடிங்கிறேன்."