லீவர் பிடித்த கைகள்

போன வியாழன் காலை, ஆட்டையாம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், போட இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது மல்லிகா அக்கா போன் செய்தார். “தம்பி, அவரு போயிட்டாருங்க” என்றார். அதோடு போனை வைத்துவிட்டார். மாரடைப்பு என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

அவர் கணவர் சின்னுசாமி அண்ணன், போர் துளைக்கும் எங்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் இருபது வருடம் டிரில்லர். பூமிக்குள் இறங்கும் இரும்பு ராடுகளை லீவர் பிடித்து இயக்குபவர். அவர் கை தவறினால், கீழே ராடு மாட்டுகிறவன் உயிருக்கு உத்தரவாதமில்லை. நான் அந்த வண்டிக்கு மேனேஜர். அவரைத் தெரியாதவர்களுக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவரை நான் குடிகாரன் என்றேன்.

ஆறு வருடத்துக்கு முன்பு, சளிக் காய்ச்சலிலிருந்து தேறி வேலைக்கு வந்தவர் இரண்டே வாரத்தில் ஆளே மாறிப்போனார். லீவரில் வைத்த கை நடுங்கியது. நிழலில் நின்றாலும் வேர்த்து ஊற்றியது. சட்டை தொளதொளத்தது. சும்மா கேட்டாலும் எரிந்து விழுந்தார். ஒருநாள் ராடு வழுக்கி, மாட்டிக்கொண்டிருந்த பழனியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அத்தனை பேர் முன்னாலும், “இறங்குங்கண்ணா! காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்தா யாரு சாவறது?” என்று கத்தினேன்.

அவர் இறங்கி வந்து, என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார். ஒரு வாடையும் இல்லை. “கழுத்து வலி காது வரைக்கும் குத்துதுங்க தம்பி. எச்சி முழுங்க முடியலை. நெஞ்சு படபடங்குது. என்னன்னே தெரியலீங்க” என்றார். அப்போதும் நான் நம்பவில்லை. திங்கட்கிழமைக்குள் வேறு டிரில்லர் பார்க்கச் சொன்னார் முதலாளி. தலையாட்டினேன். இன்று நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே மல்லிகா அக்கா ஆபீசுக்கு வந்துவிட்டார். “ஏனுங்க தம்பி, ஒரு சொட்டுத் தொடாத மனுசனைக் குடிகாரன்னு சொல்லிப்போட்டீங்களே! இந்தப் பேரோட இனி எந்த வண்டியில இவரை ஏத்துவாங்க? நீங்களே கூட வந்து டாக்டர்கிட்டக் கேளுங்க.”

நாமக்கல்லில் டாக்டரம்மா அண்ணனின் இரு கைகளையும் நீட்டச் சொல்லி, மேலே ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. கழுத்தைத் தொட்டதும் அண்ணன் துள்ளிவிட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபின் டாக்டரம்மா விளக்கினார்: “இது தைராய்டு சுரப்பி அழற்சி. காய்ச்சலுக்கு அப்புறம் சிலருக்கு வரும். சுரப்பி கூடுதலா வேலை செய்யலை. வீங்கிப் புண்பட்டு, சேத்து வெச்சிருந்த ஹார்மோன் ரத்தத்துல கசியுது. அதான் நடுக்கம், வேர்வை, படபடப்பு. வீக்கம் தணிய மாத்திரை தர்றேன். கசிஞ்சு தீர்ந்ததும் கொஞ்ச நாள் நேர்மாறா சோர்ந்து போவீங்க. பெரும்பாலும் அதுவும் சரியாகிடும். ஆனா டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“அப்போ சாராயம் இல்லீங்களே?” என்று கேட்டார் அண்ணன், என்னைப் பார்த்தபடி.

முதலாளியிடம் போய், “அவரை எடுத்தா என்னையும் எடுத்துருங்க” என்று நின்றேன். அண்ணனின் வேலை தப்பியது; தேறும்வரை லீவும் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து, டாக்டரம்மா சொன்னபடியே அண்ணன் மந்தமானார். பேசும்போதே கண் சொருகியது. இந்த முறை யாரும் வாய் திறக்கும் முன் நானே பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். சில மாதங்களில் முழுதாகத் தேறினார்.

திரும்பி வந்த அன்று, லீவரைத் தொடும் முன் என் எதிரே வந்து இரு கைகளையும் நீட்டினார். “பாத்துக்குங்க மேனேஜரே. தாளு வெக்கறீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதிலிருந்து ஒவ்வொரு போருக்கும் கையை நீட்டுவார். நானும் குனிந்து பார்த்து, “ஏறுங்கண்ணா” என்பேன். மன்னிப்பு மட்டும் கேட்கவே இல்லை. எத்தனை போர் போட்டோம், எத்தனை தடவை கேட்டிருக்கலாம்!

வியாழன் மதியம் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கைகளைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். நான் எதிரே நின்று என் இரு கைகளையும் நீட்டினேன். நடுங்கின. “தப்புப் பண்ணிட்டேங்கண்ணா. மன்னிச்சு, போயிட்டு வாங்க” என்றேன். நீட்டிய கைகளைக் கீழே இறக்க மனம் வரவில்லை.

மல்லிகா அக்கா எழுந்து வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். “பாத்துட்டாருங்க தம்பி. கையை இறக்குங்க.”