பத்து அடித் தண்ணீர்

1991 டிசம்பர் 17, செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணிக்கு ஏரி மதகடியில் சைக்கிளை நிறுத்தி, அளவுகல்லில் தண்ணீர் நிற்கும் கோட்டைப் பார்த்தேன். பத்து அடி. நோட்டில் எழுதிவிட்டு, மதகின் திருகைத் துணியால் துடைத்து எண்ணெய் விட்டேன். எட்டரைக்குச் சுங்குவார்சத்திரத்தில் டீ. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த பதினாறு வருடமும் என் காலை இப்படித்தான் போனது.

எத்தனை அடிக்கு எத்தனை நாள் பாசனம் என்று அலுவலகத்தில் ஒரு பழைய அட்டவணை உண்டு. விவசாயிகள் அதைப் பார்த்ததில்லை, என்னைத்தான் கேட்பார்கள். கடைமடையில் இரண்டு ஏக்கர் வைத்திருந்த ஒரு அம்மாள், நவரைப் பட்டத்துக்கு நாற்று விடும் முன்பே கேட்டிருந்தார். முந்தைய போகம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. வீட்டுக்கு அரிசி இந்த நடவில்தான் வரவேண்டும். அன்றும் பத்து அடி. பங்குனி கடைசி வரை தண்ணீர் வரும், நடலாம் என்று சொல்லியிருந்தேன். இந்தப் புதன்கிழமை அவருக்கு நடவு.

செவ்வாய் மதியம், லாரி டியூபில் மிதந்தபடி வலை விரிக்கும் மீன்காரர் கரையோரம் வந்து என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா சார், உங்க கல்லு பத்து அடின்னு சொல்லுது. நான் நடு ஏரில மாரளவு தண்ணில நின்னுகினு கீறேன். நான் வளந்துட்டனா, இல்ல ஏரி மேல வந்துடுச்சா?”

கேலி என்று நினைத்தேன். ஆனாலும் அடிக்கு அடி கோடு போட்ட என் மூங்கிலை எடுத்துக்கொண்டு அவருடைய டியூபில் ஏறினேன். மதகடியில் பத்து அடி சரியாக இருந்தது. ஏழு அடி இருக்கவேண்டிய நடு ஏரியில் நாலரை. அதற்குக் கீழே மூங்கில் சேற்றில் இறங்கியது. வெளியே இழுத்தபோது ஒரு கை நீளத்துக்குச் செம்மண் ஒட்டியிருந்தது. வரத்துக் கால்வாய் பக்கம் முழங்கால்தான்.

ஏரிக்குத் தண்ணீர் வரும் மேற்கு மேட்டில் இருந்த புதர்க்காட்டை விறகுக்கு வெட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிறகு அதே மேட்டில் ரோட்டுக்கும் வீட்டுமனைக்கும் கிராவல் அள்ளினார்கள். அதிலிருந்து இரண்டு மழைக்காலமும் தண்ணீர் சிவப்பாகவே வந்தது. நோட்டில் அந்த நாட்களுக்கு எதிரே நான் ‘நல்ல வரத்து’ என்று எழுதியிருக்கிறேன். மதகடியில் மட்டும் கோடைதோறும் சேற்றை வாரிவிடுவோம். அளவுகல் நிற்பதும் அங்கேதான்.

சாயங்காலம் அலுவலகத்தில் சொன்னேன். புதிதாக அளந்தால் ஒழிய அட்டவணையை மாற்ற முடியாது, நான் கல்லைப் பார்த்து எழுதினால் போதும் என்றார் அதிகாரி. வீட்டில் உட்கார்ந்து மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் தண்ணீர் மாசியோடு தீர்ந்தது. கதிர் பால் பிடிக்கும் நேரம் அது. அப்போது காய்ந்தால் இரண்டு ஏக்கரும் பதர்.

மறுநாள் காலை முதல் வேலையாக, மதகுக்குப் போகாமல் கடைமடைக்குப் போனேன். நடவுக்கு எட்டுப் பெண்கள் வந்துவிட்டிருந்தார்கள். நாற்றுக் கட்டுகள் இரண்டு ஏக்கரிலும் இறைந்து கிடந்தன. மேல் அரை ஏக்கரை மட்டும் நடுங்கள், மீதியில் அதிகம் தண்ணீர் கேட்காத உளுந்து தெளிக்கலாம் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.

“நடலாம்னு சொன்னதும் நீங்கதான சார்?” என்றார் அந்த அம்மாள்.

ஆமாம் என்றேன்.

அவர் ஐந்து பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கீழ் வயலில் இறங்கி நாற்றுக் கட்டுகளைப் பொறுக்கினார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன்.