தூக்கில் தொங்கியவன் பேசிய யூனியன் கூட்டம்

1. பாட்டைக் கேட்காத வேலை

சுங்கை வேயில் இருந்த கேசட் தொழிற்சாலையில் நான் சேர்ந்த முதல் நாள், சூப்பர்வைசர் என் கையில் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, "பாட்டக் கேக்காத, நேரத்தப் பாரு" என்றார். அடுத்த ஆறு வருடம் நான் அதைத்தான் செய்தேன். இப்போது ஒலிப்பதிவுத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வேலை இருந்ததே தெரியாது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் ஆல்பத்தின் மாஸ்டர் டேப்பை எங்களுக்கு அனுப்பும். நாங்கள் அதை இங்கே கேசட்டாகப் போட்டு விற்போம். கேசட்டில் A பக்கமும் B பக்கமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நீண்டுபோனால் மறுபக்கத்தில் அந்த அளவுக்கு வெறும் டேப் ஓடும். வெறும் டேப் என்றால் மேனேஜருக்கு வயிறு எரியும். அதனால் மாஸ்டரிங் ரூமில் இருந்த நான், மாஸ்டரிலிருந்து எடுத்த நகல் டேப்பில் பாட்டுகளை முன்பின்னாக மாற்றி, பிளேடால் வெட்டி ஒட்டி, இரண்டு பக்கத்தையும் சமமாக்குவேன். காதல் பாட்டு, டிஸ்கோ, கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்தான். பிறகு பாட்டு வரிசைத் தாளில் 'ரீத்தா' என்று கையெழுத்துப் போடுவேன். அது இல்லாமல் எந்த பேட்சும் வெளியே போகாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண்ணுக்கு அந்தக் கையெழுத்து பெரிய கர்வம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவின் புது ஆல்பம் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், வம்பு வேண்டாம். பல வருடமாக வாசிப்பவர்கள், தலைமுடி கொட்ட ஆரம்பித்தவர்கள். ஒன்பது பாட்டு. A பக்கம் முப்பத்து மூன்று நிமிடம், B பக்கம் இருபத்து நான்கு. மூன்றாவது பாட்டு மட்டும் பதினொரு நிமிடம். அதைத் தூக்கி எட்டாவது இடத்தில் வைத்தேன், எட்டாவதை மூன்றாவது இடத்துக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் கத்தரித்த மாதிரி சமமாக வந்தன. சூப்பர்வைசர் என் முதுகில் தட்டினார்.

2. பிரிக்பீல்ட்ஸில் நடந்த சண்டை

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள்தான். வீட்டுக்குப் போகும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் மூர்த்தி அண்ணன் கேசட் கடையில் நின்று, நாங்கள் போட்ட சரக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்பது என் பழக்கம். அங்கே மதியமானால் மெட்டல் கூட்டம் கூடிவிடும். அதில் இரண்டு பேர் முக்கியம். குணா அண்ணன், கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஜிம்மி, கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிப்பவன், உள்ளூர்க்காரன்.

அந்த ஆல்பத்தின் முதல் பேட்ச் விற்பனைக்கு வந்த வாரம், கடைக்குள் நுழையும்போதே குணா அண்ணன் குரல் ரோடு வரை கேட்டது.

"கதை சொல்றேன்னு கெழவனுங்க தலையக் கொழப்பிட்டானுங்க லா! ஒரு சுரங்கத் தொழிலாளி. சரி. ஸ்ட்ரைக் பண்றான், போலீஸ் புடிக்குது, தூக்குல போடுறாங்க. நல்ல கதை. ஆனா மூணாவது பாட்டுலயே தூக்குல தொங்கிட்டான். எட்டாவது பாட்டுல எழுந்து வந்து யூனியன் மீட்டிங்குல பேசுறான். அதுவும் பதினோரு நிமிஷம்! செத்தவனுக்கு அவ்வளவு மூச்சு ஏது?"

கடையே சிரித்தது. ஜிம்மி சிரிக்கவில்லை.

"உங்களுக்குப் புரியல அண்ணே. அதுதான் ஆர்ட். அவன் செத்தப்பறம்தான் அவன் பேச்சு ஜனங்களுக்குக் கேக்குது. காலத்தையே திருப்பிப் போட்டிருக்காங்க. இந்த மாதிரி ஒருத்தனும் செஞ்சதில்ல."

"போடா. சரக்கு தீந்துபோச்சு அவனுங்களுக்கு. இத்தன வருஷம் நம்பினேன், கடைசியில ஏமாத்திட்டானுங்க."

குணா அண்ணன் விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டில் கோபித்துக்கொண்டு வெளியேறியவர் முகம் போல இருந்தது அவர் முகம். ஓவர்டைம் செய்து அந்தக் குழுவின் ஒவ்வொரு கேசட்டையும் வாங்கியவர் அவர். மூன்றாவது, எட்டாவது. அந்த இரண்டையும் இடம் மாற்றியது கெழவர்கள் இல்லை, நான். அப்படியே திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

3. கையெழுத்துப் போட மாட்டேன்

திங்கட்கிழமை முதல் வேலையாக, மாஸ்டரோடு வந்த தாளை எடுத்துப் பார்த்தேன். நேரம் எழுதிய பகுதியை மட்டும் நான் படித்திருந்தேன். அதற்குக் கீழே கட்டம் கட்டி டைப் செய்திருந்தார்கள்: இது தொடர்கதை, பாட்டுகளை இதே வரிசையில்தான் போட வேண்டும் என்று. அப்படி ஒரு குறிப்பு இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. வருடக்கணக்கில் தாளின் பாதியை மட்டுமே படித்துப் பழகியிருந்தோம்.

சாப்பாட்டு நேரத்தில் ஹெட்ஃபோனை மாட்டி, நான் வெட்டாத அந்த மூல மாஸ்டரை ஆரம்பத்திலிருந்து போட்டேன். அந்தத் தொழிற்சாலையில் நான் முழுதாகக் கேட்ட முதல் ஆல்பம் அதுதான். மெட்டல் எனக்குப் பிடிக்கும் என்று நினைக்கவே இல்லை. அந்தப் பதினொரு நிமிடக் கூட்டத்தில் ஒருவன் பயந்து பேச ஆரம்பிக்கிறான், அப்புறம் இன்னொருவன், கடைசியில் சுரங்கமே பேசுகிறது. அதைக் கேட்ட பிறகு எட்டாவது பாட்டில் அவனைத் தூக்குமேடைக்குக் கூட்டிப் போகும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. கொண்டுபோன சோறு அப்படியே ஆறிக் கிடந்தது.

அந்தத் தாளோடு நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். மேனேஜர் தேவசகாயம் கெட்டவர் இல்லை, ஆனால் தலைமை அலுவலகம் என்றால் தொடை நடுங்கும்.

"சார், நான் தப்புப் பண்ணிட்டேன். வரிசைய மாத்தி ஒட்டிட்டேன். சரியான வரிசையில புது நகல் போடணும்."

அவர் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "யாராச்சும் கம்ப்ளெயின் பண்ணாங்களா?"

"கடையில பேசிக்கிறாங்க சார். கதை புரியலன்னு."

"ரீத்தா, மெட்டல் கேக்குறவன் மண்டைய ஆட்டுவான். கதையா கேக்கப்போறான்? ஒரிஜினல் வரிசையில போட்டா ஒம்போது நிமிஷம் வெறும் டேப். எச்.கியூ. கேட்டா நீயா பதில் சொல்லுவ? ரெண்டாவது பேட்ச் இந்த வாரம் ஓடணும். நீ ஒட்டின நகலே போதும். சைன் போட்டுட்டுப் போ."

வரிசைத் தாளை என் பக்கம் தள்ளினார். நான் பேனாவை எடுக்கவில்லை.

"போட மாட்டேன் சார்."

"என்னது?"

"முதல் தடவ தெரியாம போட்டேன். இப்பத் தெரியும். தெரிஞ்சே போட மாட்டேன்."

"உனக்கு வேல வேணுமா வேணாமா?"

"வேணும் சார். சைன் மட்டும்தான் போட மாட்டேன்."

வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் சூப்பர்வைசர் என் இடத்தில் கையெழுத்துப் போட்டார். என்னை பேக்கிங் லைனுக்கு மாற்றினார்கள். ஏசி ரூமிலிருந்து ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றாத ஷெட்டுக்கு. எனக்குப் புத்தி வரட்டும் என்று.

4. பேக்கிங் லைன்

பேக்கிங் லைனில் என் வேலை, பாட்டுப் பதிந்து முடிந்த கேசட்டைப் பெட்டியில் வைத்து, அட்டையைச் செருகி மூடுவது. முதல் நாள் பூராவும் ஆத்திரத்தோடு செருகினேன். இரண்டாம் நாள்தான் எனக்கு உறைத்தது. என்னைத் தண்டிப்பதாக நினைத்து, ஒவ்வொரு பெட்டியையும் கடைசியாக மூடும் இடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

எங்கள் சர்ச் ஆபீசில் ஞாயிற்றுக்கிழமைத் தாளை டைப் அடித்து சைக்ளோஸ்டைல் செய்வது நான்தான். பேப்பரை என் காசில் வாங்கிக்கொண்டு போய், ஸ்டென்சிலில் ஆங்கிலத்தில் நாலே வரி அடித்தேன். A பக்கத்தின் மூன்றாவது பாட்டும் B பக்கத்தின் மூன்றாவது பாட்டும் இடம் மாறிவிட்டன, மாற்றிக் கேளுங்கள். தவறு பாடியவர்களுடையது இல்லை, கேசட் போட்டவர்களுடையது. இதைத் துண்டு துண்டாக வெட்டி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுபோய், ஒவ்வொரு அட்டைக்குள்ளும் மடித்து வைத்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஒரு அக்கா எனக்கு வெட்டிக்கூடக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். மேசை மேல் என் துண்டுத் தாள் கிடந்தது.

"யார் வேல இது?"

"என் வேலதான் சார்."

"உன்ன வேலைய விட்டு நிறுத்த முடியும், தெரியுமா?"

"தெரியும் சார். நிறுத்துற லெட்டர்ல காரணத்தையும் எழுதிடுங்க. கட்டம் கட்டி அனுப்பின குறிப்பையும் சேத்து."

அவர் அந்தத் துண்டுத் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். அந்தக் கடிதம் எழுதப்பட்டால் அது மாஸ்டரை அனுப்பிய இங்கிலாந்துக் கம்பெனி வரை போகும் என்று அவருக்கும் தெரியும். "போ" என்றார். பேக்கிங் ஷெட்டில் எட்டு மாதம் வெந்தேன். கடிதம் வரவே இல்லை.

5. தீர்ப்பு

மேனேஜர் கூப்பிட்ட அந்த வாரத்துச் சனிக்கிழமை மூர்த்தி அண்ணன் கடைக்குப் போனால், கண்ணாடியில் என் துண்டுத் தாளை ஒட்டி வைத்திருந்தார். கடையில் இருந்த, இரண்டு கேசட் போடும் டபுள் டெக்கில் பாட்டுகளைச் சரியான வரிசைக்கு மாற்றிப் பதிவு செய்து, கூட்டம் அப்போதுதான் கேட்டு முடித்திருந்தது.

"ஃபேக்டரியில எவனோ மாத்திட்டான் தங்கச்சி, பாத்தியா?" என்றார் குணா அண்ணன்.

"எவனோ இல்ல அண்ணே. நான்தான்."

நடந்ததைச் சொன்னேன். குணா அண்ணன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியது ஜிம்மி.

"ஏன் அக்கா சொன்னீங்க? இப்பப் பாருங்க, நேரா போவுது, சாதாரண கதையா ஆயிடுச்சு! நீங்க மாத்தின வரிசைதான் லா பெட்டர்!"

குணா அண்ணன் அவனைப் பொருட்படுத்தவில்லை. "இப்பக் கத புரியுது" என்றார் மெதுவாக. "தூக்குக்குப் போறப்ப மனசு என்னமோ பண்ணுது. அதெல்லாம் சரி." பிறகு நிமிர்ந்தார். "ஆனா அந்த மீட்டிங் பாட்டு ரொம்ப இழுவ தங்கச்சி. நாலு நிமிஷத்துல முடிச்சிருக்கலாம். கெழவனுங்களுக்கு நிறுத்தத் தெரியல."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அது முழுக்க முழுக்க அவர்களுக்கே சேர வேண்டிய திட்டு. என்னுடைய பங்கு அதில் ஒரு விநாடிகூட இல்லை.

அதன் பிறகு நான் பல இடங்களில் வேலை பார்த்தேன், பல மேனேஜர்களைப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒருவன் செய்ததை உலகம் பாராட்டட்டும், காறித் துப்பட்டும், ஆனால் அவன் செய்தது அவன் செய்தபடியே போய்ச் சேர வேண்டும். நடுவில் நிற்கும் நமக்கு அது ஒன்றுதான் வேலை. அதில் கை வைக்கச் சொல்லி யார் தாளை நீட்டினாலும் பேனாவைத் தொடாதீர்கள்.

அன்றைக்கு நான் பையைக் கீழே வைத்துவிட்டு, கவுண்டர் ஓரமாக இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இழுவையா? எந்த எடம் இழுவைன்னு சொல்லுங்க அண்ணே, பாப்போம்" என்றேன்.