இரண்டு என்று எழுதினேன்

மண்ணீரல் கிழிந்தால் அந்தக் காயத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை எண் போடுவோம். ஒன்று என்றால் லேசான கீறல். ஐந்து என்றால் உறுப்பே சிதறிவிட்டது. எண்பதுகளின் கடைசியில், தில்லியில் ஓர் ஆஸ்பத்திரியின் அறுவை சிகிச்சைப் பிரிவில் நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது இந்த முறை எங்களுக்குப் புதிது. ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் எண்ணைச் சொல்லிவிடுவேன். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் லாரி ஓட்டும் சர்தார்ஜி. இன்னொருவர் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குமாஸ்தா; சைக்கிளிலிருந்து விழுந்து, ஹேண்டில்பார் இடது விலாவில் குத்தியிருந்தது. இருவருக்கும் இரண்டு என்று எழுதினேன். அதற்கு அறுவை வேண்டாம். ஆனால் உள்ளே கட்டிய ரத்தம் பிறகு உடைத்துக்கொள்ளலாம் என்பதால் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது.

சர்தார்ஜி ஐந்தாம் நாளே வீட்டுக்குப் போகக் கேட்டார். வாயைத் திறக்கவிடவில்லை நான். பத்து நாள் முடிந்து நடந்தே போனார்.

குமாஸ்தாவின் மனைவி ஆறாம் நாள் கேட்டார், தமிழில்.

"தம்பி, இவருக்கு லீவே மிச்சமில்ல. இங்க சாப்பாடும் ஒத்துக்கல. வீட்ல நான் பாத்துக்கறேனே."

"சேர்ல உக்காந்து பாக்கற வேலைதானே, டாக்டர் சாப்" என்று அவர் கட்டிலிலிருந்தே சிரித்தார்.

அந்த வார்டில் என்னைத் தம்பி என்று கூப்பிட வேறு யார் இருந்தார்கள்? மனம் இளகிவிட்டது. "சின்னக் கிழிசல்தான் அக்கா, கூட்டிட்டுப் போங்க" என்றேன். பெரிய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, ஆபீஸ் போகிற வழியில் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிவந்தார்கள். வயிற்றைத் திறந்தோம். எண் போட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. மேஜையிலேயே போய்விட்டார். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை; எந்த ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்தாலும் பின்னாலிருந்து கேட்கிறது.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி. நாங்கதானே உங்களக் கட்டாயப்படுத்தினோம்."

அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை. ஒரே ஒருமுறைதான் கேட்டார்கள். ஆனாலும் அக்கா சொன்னதற்கு நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.