இத்ரூஸ் நானா முகம் வரையாத காரணம்

அறுபதுகளில் மாத்தளை திருகோணமலை வீதியில் நடந்தவர் எவரும் இத்ரூஸ் நானாவின் கைவேலையைப் பார்க்காமல் தப்பியிருக்க முடியாது. ரவூப் தையற்கடையின் பெயர்ப்பலகையில் கோட்டும் டையுமாக ஒருவர் நிற்பார். கழுத்துக்கு மேலே நீல வானம். சலூன் பலகையில் அழகாகக் கிராப்பு வெட்டிய ஒரு பின்னந்தலை. பால் கடைக்காரர் பசு கேட்டார்; அவருக்குக் கிடைத்த பசு புல்லுக்கட்டுக்குள் தலையைப் புதைத்திருந்தது. முகம் என்ற ஒன்றை அந்த மனிதர் எங்கும் வரையவில்லை.

கேட்டவர்களிடம், உயிருள்ளதன் முகத்தைத் தீட்டத் தன் மார்க்கம் இடம் தராது என்பார். பள்ளிவாசல் லெப்பை உருகிப்போனார். இந்தக் காலத்தில் இப்படியொரு பேணுதலா என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். சித்திர பாடம் படிப்பிக்கும் மாணிக்கவாசகம் மாஸ்டரிடம் வேறு விளக்கம் இருந்தது. ‘நான்’ என்பதை அழிப்பதுதான் கலையின் நோக்கம், இத்ரூஸ் முகத்தை அழித்து அதைச் சாதித்துவிட்டார் என்று என் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். சிகிரியா பார்க்கப் போன கொழும்புக் கனவான் ஒருவர் வழியில் ரவூபின் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு போய் ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். சுதந்திரம் கிடைத்தும் தலை கிடைக்காத தேசத்தின் ஓவியமாம் அது. ரவூப் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

நான் பெயின்ட் விற்றவன். நானா பூசிய ஒவ்வொரு சொட்டும் என் கடையில் வாங்கியது என்பதால் கலையைப் பற்றி எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, யாரும் கேட்கவில்லை. நானாவிடம் கேட்டால், ஆள் கடையைத் தாண்டிப் போகாமல் நிற்க வேண்டும், பலகை அதற்குத்தான் என்று முடித்துவிடுவார். புகழ்ந்தால் மட்டும் அவர் முகம் சுருங்கிப்போகும். அடக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

எழுபதாம் வருடம் தேத்தண்ணிக் கடைக் காளிமுத்துவுக்கு இந்தியாவுக்குப் போகும் பாஸ்போர்ட் வந்தது. இந்திய வம்சாவளியினரைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி போக வேண்டியவர்களில் அவரும் ஒருவர். மனைவி அழகாயி முந்தின வருடம்தான் இறந்திருந்தாள். இங்கேயே பிறந்து இங்கேயே மண்ணுக்குள் போனவள். விண்ணப்பத்துக்குப் படம் எடுக்குமுன்பே போய்விட்டதால் ஒரு போட்டோகூட இல்லை.

காளிமுத்து நானாவின் பட்டறைக்கு வந்தபோது நானும் டர்பன்டைன் போத்தலோடு அங்கே நின்றேன். அழகாயியின் முகத்தை ஒரு சின்னப் பலகையில் தீட்டித் தர வேண்டும், கையோடு கொண்டுபோக வேண்டும் என்றார். நானா வழக்கம்போல மார்க்கத்தை எடுத்தார்.

காளிமுத்து கோபப்படவில்லை. “ரவூப் போர்டுல மொதல்ல ஒரு தல இருந்திச்சே நானா, பலாக்கா மாதிரி. அதுக்கு மேல நீங்க வானத்தப் பூசினத எதுத்த கடையில இருந்து நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

அந்தப் பலகை மாட்டிய நாளிலிருந்து பதினான்கு வருடம் இதை வாய்விடாமல் வைத்திருந்திருக்கிறார் மனிதர். நானா ஒரு தூரிகையை எடுத்துக் கழுவ ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“எனக்கு மொகம் வராது, காளிமுத்து,” என்றார் கடைசியில். “அல்லாட பேரச் சொல்லித் தப்பிக்கிட்டு வந்தேன்.”

“வராட்டியும் நீங்கதான் செய்யணும். தெனம் ரெண்டு வேள அவ கையால தேத்தண்ணி குடிச்ச பெயின்டர் வேற யாரு இருக்கா? அங்க என் சொந்தக்காரங்க ஒருத்தரும் அவளப் பாத்ததில்ல.”

மூன்று வாரம் நானா மாய்ந்து மாய்ந்து வரைந்தார். லெப்பையின் தலை தெருவில் தெரிந்தால் பலகையைச் சாக்கால் மூடுவார். மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டால் காளிமுத்து ஒரு நாள் இடது என்பார், மறுநாள் வலது என்பார். நெற்றி அகலமா குறுகலா என்று கேட்டால், நல்லாத்தான் இருக்கும் என்று பதில் வரும். பலாக்காய்கள் ஏழெட்டு விளைந்தன. எல்லாவற்றையும் நானா சுரண்டிப் போட்டார். அவர்மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது அப்போதுதான்.

ரயிலடியில் பொட்டலத்தைக் கொடுத்தபோது நானா நிமிரவில்லை. காளிமுத்து சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். பலகையில் ஒரு பெண் அடுப்பைப் பார்த்து நின்றாள். தளர்ந்த கொண்டை, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை, ரவிக்கையின் முதுகில் வேறு நிற நூலால் போட்ட ஒட்டுத்தையல், கொஞ்சம் தாழ்ந்த இடது தோள். பார்த்ததும் எனக்கே ‘அழகாயி, ஒரு பிளேன்டீ’ என்று வாய்வரை வந்துவிட்டது. வழியனுப்ப வந்திருந்த மாணிக்கவாசகம் மாஸ்டர் விளக்கம் சொல்லத் தொண்டையைச் செருமினார். நான் அவர் காலை மிதித்தேன்.

முகம் வரவே இல்லை, மன்னிக்க வேண்டும் என்றார் நானா.

காளிமுத்து பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கார்டு விசில் ஊதியும் ஏறவில்லை. அவர் அழுதுகொண்டிருந்தார்.

“ஒங்கமேல குத்தமில்ல நானா,” என்றார். “இருவத்தாறு வருசம் அவ அடுப்பப் பாத்து நின்னா, நான் கல்லாவுல ஒக்காந்திருந்தேன். திரும்பினப்பவெல்லாம் நானும் இதத்தான் பாத்திருக்கேன்.”