பெட்டியைப் பின்னோக்கித் தேடியவன்

குணசேகரனுக்கு நான் ஆயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். ஓவர்டைம் கூலி. நானே பிடித்துவைத்தது.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மூட்டை தூக்கிச் சேர்த்த காசில் திருவொற்றியூரில் கண்டெய்னர் யார்டு போட்டேன்; நாற்பது குடும்பம் என்னால் சாப்பிட்டது. எந்தப் பெட்டி எந்த வரிசையில் என்று அங்கே கரும்பலகையில் எழுதுபவன் குணசேகரன், வியாசர்பாடிக்காரன். முப்பத்தொரு வயதில், 2003இல், வேலை பார்த்துக்கொண்டே இயற்பியலில் எம்.ஃபில். படித்தான்.

சாப்பாட்டு நேரத்தில் பலகை ஓரத்தில் கட்டங்கள் வரைவான். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து, ஒரு விதிப்படி கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறும். செல்லுலர் ஆட்டோமேட்டா என்றான். அதைக் குவாண்டமாக மாற்றுவதுதான் அவன் ஆய்வு.

"இன்னாடா அது குவாண்டம்?"

"ஒரே கட்டம் கறுப்பாவும் வெள்ளையாவும் சேர்ந்தே இருக்கலாம் நைனா."

"பொட்டி காலியாவும் லோடாவும் கீதுன்னா கஸ்டம்ஸ்காரன் வுடுவானா?"

சிரித்தான். "வேற பேஜாரு கீது. குவாண்டத்துல ஒவ்வொரு அடியும் திரும்பிப் போவ முடியணும். என் விதியில ரெண்டு வேற படம் அடுத்த அடியில ஒரே படமா ஆயிடுது. எதுலருந்து வந்துச்சுன்னு தெரில."

ஒருநாள் தோல் ஏற்றிய பெட்டி ஒன்றை, இறக்கிவைத்த இரண்டாம் வரிசையில் காணோம். கிரேன் பதினோரு பெட்டிகளைத் தூக்கியபின் ஏழாம் வரிசையில் கிடைத்தது. கிரேன் வாடகை ஆயிரத்து இருநூறு. கட்டம் வரைகிறேன் என்று, பெட்டி இடம் மாறிய குறிப்பை இவன்தான் பலகையிலிருந்து அழித்திருப்பான் என்று கூலியைப் பிடித்தேன். சனிக்கிழமைக்குள் ஆய்வேட்டுக் கட்டணம் கட்டாவிட்டால் அவன் படிப்பு போச்சு. அப்படியும் கெஞ்சவில்லை.

வியாழக்கிழமை ஒரு கட்டுத் துண்டுச் சீட்டுகளோடு வந்தான். பெட்டி நகர்ந்தால் பழைய இடம், புதிய இடம் இரண்டையும் கிரேன்காரர் காஜா மொய்தீன் சீட்டில் எழுதுவது எங்கள் வழக்கம். கடைசிச் சீட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி, பலகையில் எல்லாப் பெட்டிகளையும் பின்னோக்கிக் கொண்டுபோனான். தோல் பெட்டி மட்டும் இரண்டுக்குத் திரும்பாமல் ஏழிலேயே நின்றது. அதற்குச் சீட்டே இல்லை.

"இத்த யாரு நவுத்தச் சொன்னது?" என்று அதட்டினேன்.

காஜா மொய்தீன் என்னைப் பார்த்தார். "நீதான மொதலாளி சொன்ன? சீட்டு இன்னாத்துக்கு, என் வாய்தான் சீட்டுன்னு."

சொன்னேன்தான்.

குணசேகரன் என்னைக் குத்திக்காட்டவில்லை. அவன் நினைப்பு வேறெங்கோ இருந்தது. "சீட்டு பொரட்டசொல்லோ தோணுச்சு நைனா. கட்டம் தன் பழைய நெறத்தையும் சேர்த்து வெச்சுக்கினா திரும்பிப் போய்டலாம். அப்பால குவாண்டமாக்கலாம்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. யார்டு மொத்தமும் பார்க்க, கையை நீட்டச் சொன்னேன். நூறு ரூபாய்த் தாள் பன்னிரண்டை, ஒவ்வொன்றாக, சத்தமாக, அவன் உள்ளங்கையில் எண்ணிவைத்தேன்.