கதவைத் தடுத்து நின்றவர்

ஓர்லிகோனில் எங்கள் கட்டடத்தைப் பராமரித்த அண்ணை, வன்னிப் போரிலிருந்து தப்பி வந்த நெடிய, நரைத்த மனிதர். சுவிஸ் வழக்கப்படி எங்கள் நிலவறையிலும் குண்டுவீச்சுக்குத் தப்பும் அறை உண்டு. இப்போது அதில் பழைய பெட்டிகள்தான். யாராவது உள்ளே போனால், அதன் கனத்த கதவைக் காலால் தடுத்து நிற்பார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான், அதுவும் போர்களின் வரலாறு படிக்க. ஒரு நாள் பெட்டி எடுக்க உள்ளே போனபோது கேட்காமல் இருப்பேனா?

“அண்ணை, அது தானாப் பூட்டாது.”

“தெரியும் பிள்ளை. பூட்டினாப் பிறகு ஓடி வாறவைக்கு ஆர் திறக்கிறது?”

“வன்னியில உங்கட பங்கருக்கும் கதவு இருந்ததோ?”

“ஒரு தகரம். செல்லடிக்கேக்க இழுத்து மூடுவினம்.”

“அப்ப நீங்கள் உள்ளையோ, வெளியிலயோ?”

அவர் சிரித்தார். “பெட்டியைத் தூக்கும், போவம்.”

நான் வெளியே வந்த பிறகுதான் காலை எடுத்தார். வன்னியில் செல்லடித்தபோது அவர் தகரத்தின் எந்தப் பக்கம் இருந்தார் என்பது எனக்கு இன்னும் தெரியாது.